மாடு வாங்கும் முன் புல்லை அளந்து பாருங்கள்: இயற்கை வழிப் பால் பண்ணை தொடங்குவோருக்கு

இயற்கை வழியில் பால் பண்ணை தொடங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் மாட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். தீவனத்துக்கு அலைவது அதற்குப் பிறகு. வெளியிலிருந்து மூட்டை மூட்டையாகத் தானியமும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் வந்து இறங்குகிறது. இருக்கிற கொஞ்சம் மேய்ச்சல் நிலமும் மிதிபட்டுக் கட்டாந்தரையாகிறது. மாட்டுக்கு நோய் வருகிறது, மருந்துச் செலவு ஏறுகிறது, கடைசியில் "இயற்கை முறை எல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது" என்று கையை உதறிவிடுகிறார்கள். முறையில் பிழை இல்லை, தொடங்கிய வரிசையில்தான் பிழை. முதலில் மண், அடுத்து புல், பிறகு தண்ணீரும் நிழலும், எல்லாவற்றுக்கும் பிறகு மாடு. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

அடிப்படை விதிகள் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். நிலத்தில் செயற்கை உரமும் களைக்கொல்லியும் போடக் கூடாது. தீவனமும் அப்படி விளைந்ததாகவே இருக்க வேண்டும். மரபணு மாற்றிய பயிர், வளர்ச்சி ஊக்கி, பால் சுரப்பைக் கூட்டும் ஹார்மோன் ஊசி எதுவும் கூடாது. நோய் வராமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் பழக்கம் கூடாது. மாடு வெளியே போய் மேய வேண்டும். இவை வெறும் தடைப் பட்டியலாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு தடைக்கும் ஈடாக நிலத்திலிருந்து ஒன்று கிடைத்தாக வேண்டும். யூரியா இல்லையென்றால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எங்கிருந்து வரும்? குடற்புழு மருந்தை அடிக்கடி கொடுக்க முடியாதென்றால் புழுவை எப்படிக் கட்டுப்படுத்துவது? இதற்கெல்லாம் பதில் தெரிந்த பிறகு மாட்டுச் சந்தைக்குப் போனால் போதும்.

முதலில் நிலத்துக்குக் காலம் கொடுங்கள்

ரசாயனம் பட்ட நிலம் ஒரே நாளில் மாறிவிடாது. அமெரிக்க விதிப்படி, தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் படாமல் 36 மாதங்கள் போன பிறகுதான் அந்த நிலத்தின் விளைச்சல் இயற்கை வழியில் விளைந்ததாக ஏற்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மேய்ச்சல் நிலத்துக்குப் பொதுவாக 2 ஆண்டுகள். மாடும் இயற்கை முறைக்கு மாறுவதற்குத் தனியாக மாற்றுக் காலம் உண்டு. கறவை மாடுகளுக்கு ஐரோப்பாவில் 6 மாதம், அமெரிக்காவில் 12 மாதம். உங்கள் பகுதியில் இயற்கை வழிப் பண்ணை என்று சான்று தரும் அமைப்பு எந்தக் கணக்கை வைத்திருக்கிறது என்பதை முதல் வாரமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் காலத்தைச் சும்மா காத்திருக்கும் காலமாக நினைக்காதீர்கள். மண் பரிசோதனை செய்யுங்கள். ஒரு மண்வெட்டி அளவு மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு அப்படியே வெட்டி எடுத்துப் பாருங்கள். மண்புழு இருக்கிறதா, வேர் நேராக இறங்குகிறதா, அல்லது ஓர் இடத்தில் முட்டிப் பக்கவாட்டில் திரும்புகிறதா? வேர் திரும்பினால் அடியில் மண் இறுகிக் கிடக்கிறது என்று பொருள். எரு போடுவதும், ஆழமாக வேர்விடும் செடிகளைப் புல்லோடு கலந்து விதைப்பதும் அந்த இறுக்கத்தை மெல்ல மெல்லத் தளர்த்தும்.

புல்லும் பயறும் சேர்ந்த நிலம்

வெறும் புல் மட்டும் விதைத்தால் தழைச்சத்துக்கு நீங்கள் எருவை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். குதிரைமசால், வேலிமசால், முயல்மசால், குளோவர் போன்ற பயறுக் குடும்பத்துத் தீவனங்களைக் கலந்து விதைத்தால், அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும். நன்றாக வளர்ந்த குளோவர் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் நைட்ரஜனைப் பிடித்துவைக்கும். உர மூட்டைக்குப் பதிலாக நிலமே தருவது இது. ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. அப்போது விதையோடு ரைசோபியம் கலவை சேர்த்து விதைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பசித்த மாட்டைப் பனி ஈரத்தோடு இருக்கும் இளம் குளோவரிலோ குதிரைமசாலிலோ அவிழ்த்துவிடாதீர்கள். வயிறு உப்பிச் சில மணி நேரத்தில் மாடு செத்துப்போகவும் கூடும். முதலில் உலர்தீவனம் போட்டு வயிற்றை நிரப்புங்கள், ஈரம் காயட்டும், பிறகு விடுங்கள். விதைக் கலவையில் புல்லின் பங்கு பாதிக்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

எத்தனை மாடு என்பதை நிலம் சொல்லும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் கவனமாகப் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு மாடு நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறைய 3 சதவீதம் உலர்பொருள் தின்னும். 400 கிலோ மாட்டுக்கு 12 கிலோ. இது ஈரம் நீக்கிய கணக்கு. பசும்புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள் என்பதால், பச்சையாக மட்டும் தின்றால் 60 கிலோ வேண்டும்.

இனி நிலத்தை அளப்போம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்று செய்யுங்கள். மேயத் தயாரான புல்லில் அதை வைத்து, உள்ளே இருப்பதை ஒட்ட அறுத்து எடை போடுங்கள். நிலத்தில் ஐந்தாறு இடங்களில் இப்படிச் செய்து சராசரி எடுங்கள். 800 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நன்றாக உலர்த்தினால் அது 160 கிராம் ஆகும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர், ஆக 1,600 கிலோ உலர்பொருள். இதில் பாதியைத்தான் மாட்டுக்குக் கொடுக்க வேண்டும், மீதிப் பாதி புல் மறுபடி வளர்வதற்கு. அப்படியானால் கைக்கு வருவது ஹெக்டேருக்கு 800 கிலோ.

பத்து மாடுகளுக்கு நாளொன்றுக்கு 120 கிலோ வேண்டும். 120-ஐ 800-ஆல் வகுத்தால் 0.15 ஹெக்டேர், அதாவது 1,500 சதுர மீட்டர். ஒரு நாள் மேய்ந்த இடத்துக்கு 30 நாள் ஓய்வு தேவை என்றால் இப்படி 31 துண்டுகள் வேண்டும். சுமார் நாலரை ஹெக்டேர். இது புல் வளரும் பருவத்துக்கு மட்டுமான கணக்கு. ஆண்டில் பாதி மாதங்கள் வறட்சியோ கடுங்குளிரோ இருந்து புல் நின்றுவிடும் என்றால், அந்த மாதங்களுக்கு அறுத்து உலர்த்திவைக்க ஏறக்குறைய அதே அளவு நிலம் இன்னொரு பங்கு வேண்டும். அதோடு கன்றுகளையும் கிடாரிகளையும் கணக்கில் சேருங்கள்.

எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். நிலம் குறைவாக இருந்தால் மாட்டைக் குறையுங்கள், அவ்வளவுதான். இரண்டு மாட்டோடு தொடங்கி, மண் வளம் ஏறி, அதே நிலத்தில் மூன்றாவது மாட்டுக்கும் புல் வந்தபின் மூன்றாவதை வாங்கும் பண்ணைதான் நிலைக்கும். ஐரோப்பிய விதியிலும் இதே தர்க்கம்தான் இருக்கிறது. ஒரு ஹெக்டேர் விளைநிலத்துக்கு ஆண்டொன்றுக்கு 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல் எருவாகப் போகக் கூடாது என்று அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் அது நிலத்துக்கு உரமாகாது, நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகக் கலக்கும்.

மேய்ச்சலைச் சுழற்றுவது

நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்வதுதான் சுழற்சி மேய்ச்சல். எளிதில் கழற்றி நடக்கூடிய மின்வேலி இருந்தால் வேலை சுலபம். புல் முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது உள்ளே விடுங்கள். கை அகல உயரத்துக்கு வந்ததும் வெளியே எடுங்கள். அதற்குக் கீழே மேயவிட்டால் புல் தன் வேரில் சேமித்ததைச் செலவழித்துத்தான் மறுபடி துளிர்க்க வேண்டியிருக்கும், அடுத்த சுற்று பிந்தும். ஒரே துண்டில் மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அதற்குள் புதுத் துளிர் எழும்பிவிடும், மாடு அதைத்தான் முதலில் தேடிக் கடிக்கும்.

உயரமாக விட்டுவைப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. குடற்புழுவின் இளம்பருவம் சாணத்திலிருந்து வெளியேறிப் புல்லில் ஏறிக் காத்திருக்கும். ஆனால் பெரும்பாலானவை தரையிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். புல்லின் மேல்பகுதியை மட்டும் மேய்ந்துவிட்டு நகரும் மாடு அவற்றை அதிகம் விழுங்காது. புழு எதிர்ப்பு இன்னும் உருவாகாத கன்றுகளைப் புதுத் துண்டில் முதலில் விடுங்கள், பின்னாலேயே பெரிய மாடுகள் வரட்டும். குடற்புழு மருந்து தேவையா என்பதைச் சாணப் பரிசோதனையில் முட்டைகளை எண்ணிப் பார்த்து முடிவுசெய்யுங்கள். நாட்காட்டியைப் பார்த்து மருந்து கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்குச் சாணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சாணத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சாணம் போடும். அது விழுந்த மறுநாள் ஒரு குச்சியால் புரட்டிப் பாருங்கள். உயிருள்ள நிலமாக இருந்தால் அடியில் பென்சில் பருமனுக்குத் துளைகள் இருக்கும், பளபளப்பான கறுப்பு வண்டுகள் சிதறி ஓடும், மண் துகள்கள் மேலே தள்ளப்பட்டிருக்கும். சாண வண்டுகள் எருவை மண்ணுக்குள் இறக்குகின்றன. அந்தத் துளைகள் வழியே மழைநீரும் இறங்குகிறது. ஈ முட்டையிட்டு வளர இடமில்லாமல் போகிறது. வண்டு இல்லாத நிலத்தில் சாணம் வறட்டியாகக் காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும். அதைச் சுற்றியுள்ள புல்லையும் மாடு தொடாது. ஆஸ்திரேலியாவில் மாடுகள் வந்து சேர்ந்தபோது, அந்தச் சாணத்தைச் சிதைக்கும் பழக்கமுள்ள வண்டுகள் அங்கே போதுமான அளவு இல்லை. சாணம் குவிந்து ஈக்கள் பெருகின. 1960-களில் அந்நாட்டின் அறிவியல் ஆய்வு அமைப்பு வெளிநாடுகளிலிருந்து சாண வண்டுகளைக் கொண்டுவந்து விடும் திட்டத்தையே தொடங்க வேண்டியதாயிற்று.

ஐவர்மெக்டின் வகைக் குடற்புழு மருந்துகள் சாணத்தோடு வெளியேறி வண்டுக் குஞ்சுகளைக் கொல்லும். எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் ஊசி போட்டால், அடுத்த சில வாரச் சாணம் முழுக்க வண்டுகளுக்கு விஷம். தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும் கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சாணம் மாட்டின் வயிற்றையும் காட்டிக்கொடுக்கும். நல்ல சாணம் விரல் இரண்டு மூன்று வைக்கும் உயரத்தில் வட்டமாகப் படிந்து நடுவில் சிறு குழியோடு இருக்கும். தண்ணீராகப் பரவினால் புரதம் மிகுதி, அல்லது நார் குறைவு. அடுக்கடுக்காகக் கெட்டியாக நின்றால் தீவனத்தில் நார்தான் அதிகம், புரதமோ தண்ணீரோ போதவில்லை. முழுத் தானியம் தெரிந்தால் நீங்கள் போட்ட அடர்தீவனம் வீணாகிறது.

கொட்டகையில் சேரும் சாணத்தை வைக்கோல், காய்ந்த இலைகளோடு கலந்து மக்க வையுங்கள். குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும், அப்போதுதான் களை விதையும் நோய்க்கிருமிகளும் சாகும். ஒரு இரும்புக் கம்பியை உள்ளே செருகிச் சற்று நேரம் கழித்து எடுத்துத் தொட்டால், கை தாங்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு தணிந்ததும் புரட்டுங்கள், மறுபடி சூடேறும்.

இப்போது மாடு

அதிகப் பால் தரும் மாடு என்று யாராவது கொண்டுவந்து நிறுத்தினால், அது எதைத் தின்று அவ்வளவு பால் தந்தது என்று கேளுங்கள். தானியத்தைக் கொட்டிக் கறக்கப் பழகிய மாடு மேய்ச்சலுக்கு வந்ததும் மெலிந்துபோகும், சினை பிடிக்காது. உங்கள் பகுதியின் வெயிலையும் குளிரையும் உண்ணியையும் தாங்கும் இனம், உறுதியான குளம்பு, நடக்கத் தயங்காத கால், புல்லைத் தின்றே உடம்பை வைத்துக்கொள்ளும் குணம் இவைதான் முக்கியம். புரூசெல்லா (கருச்சிதைவு உண்டாக்கும் தொற்றுநோய்), காசநோய்ப் பரிசோதனை செய்யாத மாட்டைத் தொழுவத்துக்குள் ஏற்றாதீர்கள். வாங்கிய மாட்டைச் சில வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.

நிழலுக்கு மரம் வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஆண்டே நடுங்கள், அது வளரும்வரை பந்தல் போடுங்கள். ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கும் உயிர் இது, எந்தத் துண்டில் மேய்ந்தாலும் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருக்கட்டும். ஓடையோ குளமோ இருந்தால் கரையில் வேலி போட்டு, தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். மாடு இறங்கி மிதிக்கும் ஓடை சீக்கிரம் சேறாகிவிடும். நிலத்தின் ஓரங்களில் கொஞ்சம் அகலத்தை அறுக்காமல் விடுங்கள். தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் அந்தப் பக்கம் புல் அறுப்பதைத் தள்ளிப்போடுங்கள். தேனீயும் குளவியும் பறவையும் உள்ள நிலத்தில் பூச்சிக்கொல்லி தேவைப்படும் நாட்கள் வெகு குறைவு.

தீவனத்தில் ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும். மாடு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோட வேண்டும். அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர்தான் இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கிறது. தானியம் மிகுந்தால் அசைபோடுவது குறையும், அமிலம் ஏறும், குளம்பு புண்ணாகும். ஐரோப்பிய விதிப்படி அன்றாட உலர்பொருளில் குறைந்தது 60 சதவீதம் புல், வைக்கோல், பதப்படுத்திய பசுந்தீவனம் போன்ற நார்த்தீவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுக்குக் குறைந்தது 120 நாட்கள் மேய வேண்டும், மேய்ச்சல் பருவத்தில் உலர்பொருளில் சராசரியாக 30 சதவீதமாவது மேய்ச்சலிலிருந்து வர வேண்டும். இவை குறைந்தபட்ச எல்லைகள்தான். நிலம் இடம் கொடுத்தால் இதைவிட எவ்வளவோ மேலே போகலாம், போகவும் வேண்டும். பாலின் தன்மையே அதில்தான் மாறுகிறது. 2016-ல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகம் முன்னின்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இயற்கை வழிப் பாலில் ஒமேகா-3 கொழுப்பு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுதலாக இருந்தது தெரிந்தது. அதற்கு முக்கியக் காரணம் மாடு புல்லும் குளோவரும் அதிகம் தின்றதுதான்.

கன்றும் கறவையும்

பிறந்த கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் போய்ச் சேர வேண்டும். 40 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 4 லிட்டர் அளவில், இரண்டு மூன்று முறையாக. நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் அப்படியே உறிஞ்சும் திறன் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். அதன்பின் எவ்வளவு கொடுத்தாலும் அந்தப் பலன் வராது. ஐரோப்பிய விதியில் கன்றுக்குக் குறைந்தது 90 நாட்கள் பால், அதுவும் தாய்ப்பாலுக்கே முன்னுரிமை. விற்பனைக்குப் போகும் பாலைக் கணக்கிடும்போது கன்றின் பங்கை முதலில் கழித்துவிடுங்கள். காளைக் கன்று பிறந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். அதற்கு விடை இல்லாமல் பண்ணை தொடங்குவது அந்தக் கன்றுக்குச் செய்யும் அநியாயம்.

கறக்கும்போது முதல் நாலு பீச்சைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாகவோ கட்டியாகவோ தெரிந்தால் மடிநோய் தொடங்குகிறது. ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணியால் காம்பைத் துடைத்து உலர்த்துங்கள். கறந்து முடித்ததும் அயோடின் கரைசலில் காம்பை நனையுங்கள், இது பெரும்பாலான இயற்கை வழி விதிகளில் அனுமதிக்கப்பட்டதுதான். காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாகும். அதுவரை மாடு படுக்காமலிருக்கத் தீவனம் போட்டு நிற்க வையுங்கள். இந்தச் சின்னப் பழக்கம் தடுக்கும் மடிநோய் கொஞ்சநஞ்சமல்ல. பாலை இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் குளிர வையுங்கள். இயற்கை வழியில் கறந்தது என்பதால் பச்சைப் பாலில் கிருமி இருக்காது என்று யாரிடமும் சொல்லாதீர்கள். காய்ச்சியோ பாஸ்டரைஸ் செய்தோதான் குடிக்க வேண்டும்.

நோய் வந்தால்

மருந்தே கொடுக்காமல் வைத்திருப்பதுதான் இயற்கை வழி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு, மாட்டுக்குக் கொடுமையும்கூட. நன்றாக மேய்ந்து, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் படுத்து, தடுப்பூசி ஒழுங்காகப் போட்ட மாட்டுக்கு நோய் குறைவாகத்தான் வரும். ஆனாலும் வரும். அப்போது கால்நடை மருத்துவர் ஆன்டிபயாட்டிக் தேவை என்று சொன்னால் கொடுத்தே ஆக வேண்டும். ஐரோப்பாவில் அப்படிச் சிகிச்சை பெற்ற மாட்டின் பாலை வழக்கமான விலக்குக் காலத்தை (மருந்து கொடுத்தபின் பாலை விற்கக் கூடாத நாட்கள்) போல இரு மடங்கு நாட்கள் ஒதுக்கிவைத்து, பிறகு சேர்க்கலாம். 12 மாதத்தில் மூன்று முறைக்கு மேல் போனால் மாடு மறுபடி மாற்றுக் காலத்துக்குள் போக வேண்டும். அமெரிக்காவில் ஒரு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலே அந்த மாடு இயற்கை வழி மந்தையிலிருந்து நிரந்தரமாக வெளியேற வேண்டும். ஆனால் முத்திரை போய்விடுமே என்று சிகிச்சையை நிறுத்திவைப்பதையும் அதே சட்டம் தடைசெய்கிறது. அந்த நிலைமை வந்தால் மாட்டை விற்றுவிடலாம், வலியில் விடக் கூடாது.

பதிவேடும் சான்றும்

எந்த நாள் எந்தத் துண்டில் மேய்ந்தது, வெளியிலிருந்து எந்தத் தீவனம் எவ்வளவு வந்தது, எந்த மாட்டுக்கு என்ன மருந்து, எத்தனை நாள் பால் ஒதுக்கப்பட்டது, எரு எங்கே போனது: இந்த ஐந்தும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் ஏறட்டும். மின்வேலிக் கம்பத்தில் தொங்கும் சுண்ணாம்புப் பலகையில் அன்றன்று குறித்துவிட்டு, ஞாயிறன்று நோட்டில் ஏற்றினாலும் சரி. ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது இதைத்தான். தீவனம் வாங்கிய ரசீதையும் விதைப் பொட்டலத்தின் சீட்டையும் அதோடு ஒட்டிவையுங்கள், பூச்சிக்கொல்லி பூசிய விதையை வாங்கிவிட்டால் அங்கேயே பிடிபடும். பக்கத்து வயலில் மருந்து அடிக்கிறார்கள் என்றால், காற்றில் அது வந்து படாதபடி எல்லையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று ஆய்வாளரிடமே கேட்டு, அந்த இடைவெளியில் உயரமாக வளரும் செடி வரிசை வையுங்கள்.

மாற்றுக் காலத்தில் கறக்கும் பாலை இயற்கை வழிப் பால் என்று சொல்லி விற்கக் கூடாது. விளைச்சல் கொஞ்சம் இறங்கும், கூடுதல் விலையும் கிடைக்காது. தொடங்குவோர் அதிகம் திணறுவது இந்த இடத்தில்தான். அந்த மாதங்களுக்கான கைச்செலவை முன்பே ஒதுக்கிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். வாங்குபவர்களை நிலத்துக்கு அழைத்து, என்ன செய்கிறீர்கள் என்பதைக் காட்டுங்கள். சான்று கைக்கு வரும் நாளில் அவர்கள் உங்கள் பாலுக்குப் பழகியிருப்பார்கள்.